ஏழாம் வீட்டில் செவ்வாய்

1

இன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் குட்டி ஹெலிகாப்டர் செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பிய நாள் இது. வருடா வருடம் இந்த நாளில் சிவப்பு க்ரீம் பூசிய கேக் ஒன்று வரும். இந்த வருடம் கத்தியைச் சரவணன் கையில் கொடுத்தார்கள். போடிக்காரன், எங்கள் பக்கத்து ஊர்ப் பையன், என் குழுவில்தான் வேலை. முதல் துண்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, எடுத்துக்கங்க."

வேண்டாம் என்றேன். சும்மா சொல்லவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன்.

மேலாளர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். குடும்பப் பிரச்சினை என்றேன். உடனே முகம் இளகி, வேண்டுமானால் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள் என்றார். நல்ல மனிதர். ஆனால் என் தங்கையின் ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய் இருக்கிறது, அதனால்தான் செவ்வாய்க்கு வெட்டிய கேக்கைத் தின்ன மாட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருடமாக ஆங்கிலத்தில் சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே மன்னிப்பும் கேட்டுப் பழகிவிட்டேன். இந்தக் கோபத்துக்கு மட்டும் ஆங்கிலம் வரவில்லை. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் சமாதானம் சொல்ல வர வேண்டாம்.

2

நாங்கள் செய்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் நான் ராக்கெட் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராக்கெட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இறக்கையும் மென்பொருளும் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. செவ்வாயில் காற்று உண்டு, ஆனால் நம் காற்றில் நூறில் ஒரு பங்குதான் கனம். அந்த ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்து மேலே ஏற வேண்டும் என்றால் இறக்கை அட்டை மாதிரி லேசாக இருக்க வேண்டும், பேய் மாதிரிச் சுற்ற வேண்டும். அந்த இறக்கைதான் என் வேலை. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய இரும்புத் தொட்டிக்குள் அதைச் சுற்றவிட்டு, எங்கே அதிர்கிறது, எங்கே விரிசல் விடும் என்று பார்ப்பேன்.

சரவணன் வேலை அதைவிடத் தைரியமானது. இங்கிருந்து ஒரு சொல் அங்கே போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். கையில் கருவியை வைத்துக்கொண்டு ஓட்டுகிற கதையே கிடையாது. எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான். பறக்கும்போது அதுவே கீழே பார்த்துப் பார்த்துப் போய், அதுவே இடம் பார்த்து இறங்கும். எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே கல் இருக்கும், எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுகிறவன் அவன். ஒருமுறை யாரும் பார்த்திராத பாறைக் காட்டுக்கு மேலே போகலாமா வேண்டாமா என்று அத்தனை பேரும் தயங்கினோம். அவன்தான் எழுந்து, "கணக்குச் சரியா இருக்கு, போகலாம்" என்றான். போனது. பத்திரமாக இறங்கியது. அன்றைக்கு அவனைத் தோளில் தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஹெலிகாப்டர் இப்போது பறப்பதில்லை. ஒரு நாள் இறங்கும்போது இறக்கை முறிந்து, அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டது. இப்போது அதற்கு அடுத்ததைச் செய்துகொண்டிருக்கிறோம்.

முதலாவது பறந்தபோது சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் சாதிச் சங்கம் ஃப்ளெக்ஸ் வைத்தது. ஒரு பக்கம் என் படம், இன்னொரு பக்கம் சரவணன் படம், நடுவில் சிவப்பாக ஒரு உருண்டை. செவ்வாயை வென்ற சிங்கங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகப் பெரிய மனிதர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சிங்கத்தின் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராததற்கும் அதே உருண்டைதான் காரணம் என்பது அந்தக் கும்பிட்ட கைகளுக்கெல்லாம் தெரியும்.

3

என் தங்கை சுகந்தி. முப்பதைத் தாண்டியவள். அப்பா போன பிறகு அம்மாவும் அவளும்தான் சின்னமனூரில் எங்கள் உரக்கடையை நடத்துகிறார்கள். விவசாயப் படிப்புப் படித்துவிட்டு வந்தவள், கடையில் உட்கார்ந்து மூட்டை எண்ணப் பிடிக்காமல், மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று வாங்கினாள். முறையாகப் பயிற்சிக்குப் போய் உரிமமும் எடுத்தாள். இன்றைக்கு உத்தமபாளையத்திலிருந்து வீரபாண்டி வரைக்கும் நெல்லுக்கும் வாழைக்கும் அவள்தான் மருந்தடிக்கிறாள். குட்டியானைச் சரக்கு வண்டியில் பேட்டரியையும் தண்ணீர் டிரம்மையும் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அக்கா பறக்கவிடுவது செவ்வாயில், தங்கச்சி பறக்கவிடுவது முல்லையாற்றுப் பாசனத்தில். நாங்கள் போனில் பேசினால் முக்கால்வாசி இறக்கையைப் பற்றித்தான் பேசுவோம்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், கேசரி தின்றார்கள், ஜாதகம் கேட்டார்கள், போனார்கள். ஏழில் செவ்வாய். கட்டிக்கொள்கிறவன் சீக்கிரம் செத்துப்போவான் என்பது அதற்கு அர்த்தம். அதை அப்படி உடைத்துச் சொல்ல மாட்டார்கள். "மாங்கல்யத்துக்கு ஆகாது" என்று நாசூக்காகச் சொல்வார்கள். நாசூக்காகச் சொன்னால் அது கொலைப் பழி இல்லை என்று ஆகிவிடுமா?

எனக்கு ஜாதகம் பார்க்கவில்லை. பார்க்க நான் விடவில்லை. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையில் ஒருவரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டி இங்கே வந்துவிட்டேன். ஒரு வருடம் அம்மா என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். அந்த ஹெலிகாப்டர் நல்லபடியாக எழும்ப வேண்டும் என்று வீரபாண்டி அம்மன் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுத்தவளும் அவள்தான்.

"கௌமாரி புண்ணியத்துல உன் மிசினு ஏறிருச்சுல்ல, அது போதும்" என்றாள் அன்று. கையில் சட்டிச் சூட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் மேல் எனக்கு வருகிற கோபம் எப்போதும் அந்தத் தழும்பு வரைக்கும் போய் நின்றுவிடும். அதனால் அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சரவணன் மேல் போட்டிருக்கிறேன். அவன் தாங்குவான்.

4

சரவணன் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். கறிக்குழம்பில் எலும்பு அவனுக்கு, சதை என் கணவருக்கு. என் மகள் அனு தமிழில் பேச மறுத்தபோது, அவளோடு சண்டை போட்டுத் தமிழில் பதில் வாங்கியவன் அவன் ஒருத்தன்தான். நான் பேசினால் அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்வாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் மூலமாகத்தான் சுகந்தியைப் பார்த்தான். அவள் ட்ரோன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று வயலுக்கே போனான். திரும்பி வந்ததும் அடிக்கடி போனில் பேசிக்கொண்டார்கள். பிறகு தினமும் பேசிக்கொண்டார்கள். ஆறேழு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அக்கா, சுகந்திய நான் கட்டிக்கிறேன்" என்றான். நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அழுதேன். ஒருத்தனாவது அறிவோடு பிறந்திருக்கிறான் என்று அழுதேன்.

அவன் அம்மா ஜாதகம் கேட்டார்கள். தேனியில் ஒரு ஜோசியரிடம் கொண்டு போனார்கள். அவர் சொன்னதை என் அம்மா எனக்குப் போனில் ஒப்பித்தாள்.

"ஏழுல செவ்வா இருக்கு, அது நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இப்ப உக்கிரம் கூடிருச்சாம். மூத்தவ அங்கன போயி செவ்வாயக் கிளறி விட்டுட்டா, அந்தக் கோவம் எளையவ மேல எறங்குதுன்னு சொன்னாக."

"எம்மா, நான் கிளறல. அந்த ஹெலிகாப்டர் நம்ம கடைப் பூனைய விடக் கனம் கம்மி."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆத்தா பண்ண? உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? பரிகாரம் இருக்குன்னு சொல்லிட்டாக. வாழைக்குக் கட்டி வெச்சா சரியாப் போயிரும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணை முதலில் ஒரு வாழை மரத்துக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். மரத்தின் சார்பில் தாலி ஏறும். பிறகு மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். முதல் புருசன் செத்தான், செவ்வாய் பலி வாங்கிவிட்டது, இனி வருகிறவனுக்குப் பயமில்லை என்பது கணக்கு. சுகந்தி முடியாது என்று சொல்லிவிட்டாள். மருந்தடித்து அவள் காப்பாற்றுகிற மரம் அது.

மறுநாள் சரவணனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். உள்ளே இறக்கை சுற்ற, வெளியே காற்றை உறிஞ்சும் பம்பு இரைந்துகொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, எனக்கு அது வசதியாக இருந்தது.

"நீ என்ன தம்பி சொல்ற?"

"ஒரு வாழ மரந்தானக்கா. அம்மா மனசு சங்கடப்படுது. அவுகளுக்காகத்தான். நம்ம மேனேஜர்கூட முக்கியமான நாள்ல அந்தப் பழைய கிழிஞ்ச சாக்ஸ ராசின்னு போட்டுட்டு வாராரு. நாம சிரிச்சுட்டு விட்டுர்றோம்ல?"

"அவர் சாக்ஸ அவர் கால்ல போடுறாரு. உன் அம்மா மனசுக்கு என் தங்கச்சி கழுத்து எதுக்கு? அப்ப ஒண்ணு செய். நீ போய் மரத்துக்குத் தாலி கட்டு."

"எனக்குத்தான் தோஷம் இல்லியேக்கா" என்றான். ரொம்ப இயல்பாகச் சொன்னான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். இவன் பெருமாள் கோயிலில் உட்கார்ந்துகொண்டே இடிக்கிறான்.

5

நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். முடியாது. இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகிறது. இடையில் வெளியே போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வேண்டும். முத்திரைக்கு நேர்காணல் தேதி இல்லை. தேதி எப்போது வரும் என்று கேட்டால், தேதி வரும்போது தெரியும் என்று பதில் வரும். செவ்வாய் வரை ஒரு பொருளை அனுப்ப முடிகிறது. சின்னமனூர் வரை ஓர் ஆளை அனுப்பி, திரும்ப எடுக்க முடியவில்லை.

அதனால் எல்லாவற்றையும் போனில் பார்க்கிறேன். போன வாரம் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை. பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பின்னால் வாழைத்தோப்பு. வீரபாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவருடைய தோப்பு. ஒரு மரத்துக்கு மட்டும் மஞ்சள் பூசி, வேட்டி சுற்றி, மாலை போட்டிருந்தார்கள். சரவணனின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோசியர் தாம்பாளத்தில் என்னவோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவளே, நீயும் பாத்து ஆசீர்வாதம் பண்ணுத்தா."

"சுகந்தி எங்க?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "மருந்தடிக்க வரணும்னு தோப்புக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். வந்துக்கிட்டிருக்கா. வந்த பெறகு நாலு பேரு முன்னால மாட்டேன்னு சொல்ல மாட்டா. அஞ்சு நிமிச வேலை."

பெற்ற பெண்ணைப் பொய் சொல்லி வரவழைத்துக் கழுத்தை நீட்டவைக்கப் பார்த்தாள். வேறொரு போனில் சுகந்தியைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். அதற்குள் குட்டியானை வந்து நின்ற சத்தம் கேட்டது.

சுகந்தி இறங்கினாள். மரத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வண்டியின் பின்கதவைத் திறந்து ட்ரோனை இறக்கி, தார்ப்பாயை விரித்து அதன் மேல் வைத்தாள். மருந்தைக் கலக்கினாள். டேங்கில் ஊற்றினாள். முகமூடியை மாட்டினாள்.

"ஏத்தா, அத அப்பறம் பாக்கலாம், இங்கன வா" என்றாள் அம்மா.

"மருந்தடிக்கத்தான கூப்ட்டீக. அடிச்சுட்டுப் போறேன். எல்லாரும் வரப்புக்கு அந்தப் பக்கம் போங்க. கண்ணுல பட்டா எரியும்."

"என்னம்மா இது, நல்ல காரியம் நடக்குற எடத்துல" என்று சரவணனின் அம்மா எழுந்தார்கள்.

"எலைப்புள்ளி நோய்க்கு அடிக்கிறது அத்தை. இதுவும் நல்ல காரியந்தான். முந்தானையால மூக்க மூடிக்கங்க."

ட்ரோன் கிளம்பியது. தோப்பு முழுக்க இலைகள் படபடத்தன. ஜோசியர் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை மரத்தின் வேட்டி அவிழ்ந்து பக்கத்து மரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. அம்மா கையிலிருந்து போன் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு வானமும் வாழையிலையும் மட்டும்தான் தெரிந்தன, நடுவில் ட்ரோன் போய்ப் போய் வந்தது. ஒரு மரம் விடாமல் அடித்தாள்.

அனு எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சித்தி சூப்பர்" என்றாள். பிறகு அவளுடைய உடைந்த தமிழில், "சித்தி என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள். பிறந்த நேரம் தப்பு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். "நம்ம மார்ஸா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நம்ம மார்ஸ்தான் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இந்தப் பெண்ணுக்கு ஊரைப் பற்றி நான் இத்தனை நாள் சொல்லி வைத்ததெல்லாம் அத்தோடு போயிற்று.

6

கேக்கை வேண்டாம் என்ற பிறகு சரவணன் என் மேசைக்கு வந்தான். "எங்கம்மாவ அத்தன பேரு முன்னால அவமானப்படுத்திட்டாக்கா சுகந்தி. நான் எப்படிப் பேசி முடிப்பேன்?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அம்மாவுக்கும் காதலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று நினைத்து, எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகியது. உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். நல்ல வேளை, யாரோ கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுகந்தியைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து கடை திறந்திருந்தது. மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அம்மா அவளோடு பேசுவதில்லையாம், சோறு மட்டும் போட்டு மூடி வைக்கிறாளாம்.

"சரவணன்கிட்ட இன்னொரு தடவ பேசிப் பாக்கட்டுமா?" என்றேன். "அவன் நல்லவன்தான். அவுகம்மாதான் பிடிவாதம்."

சுகந்தி யாரிடமோ மூட்டையை எண்ணச் சொன்னாள்.

"அவுகம்மா சரின்னு சொல்லிட்டாகக்கா."

"என்னது?"

"தோப்புக்கு மறுநா கடைக்கு வந்தாக. சண்டை போடத்தான் வாராகன்னு நெனச்சேன். உக்காந்து டீ குடிச்சாக. உன் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு, மரமும் வேணாம் மட்டையும் வேணாம், கோயில்ல ஒரு வெளக்குப் போடுவோம், நான் அவன்கிட்டச் சொல்றேன்னு சொன்னாக. சொல்லவும் சொல்லிருக்காக."

"அப்பறம் என்ன?"

"அன்னிக்கு அவனே கூப்ட்டான். அம்மா சொல்றது இருக்கட்டும், நாம பரிகாரத்தப் பண்ணிருவோம்னான். ஏன்டான்னு கேட்டேன். எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல, ஆனா எதுக்கு ரிஸ்க்குன்னான்."

அப்படியானால் இன்று என் மேசைக்கு வந்து அவன் அம்மாவைச் சாக்குச் சொன்னது பொய். மூட்டை இறக்குகிற சத்தம் நின்றிருந்தது. அவள் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஆறேழு மாசம் எங்கூடப் பேசினான்க்கா. சாப்ட்டியா, தூங்குனியா, பேட்டரி ஏத்துனியான்னு. அத்தனையும் பேசிக்கிட்டே, இவளக் கட்டுனா நான் செத்துருவேனோன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கான். ஊர்ல எவன் நெனச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அவன் நெனச்சான்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கு அவனப் பிடிச்சிருந்துச்சுக்கா. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அந்தக் கிரகத்தின் மண், காற்று, குளிர், பகல் எவ்வளவு நேரம், இரவு எவ்வளவு நேரம் எல்லாம் எனக்குத் தெரியும். அழுகிற தங்கச்சிக்கு அதில் ஒன்றும் உதவவில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போறேன், போடியில வேலை கெடக்கு" என்று சொல்லி அவளே போனை வைத்தாள்.

நாளை காலை புது ஹெலிகாப்டருக்கு இறங்குமிடம் பற்றிய கூட்டம். சரவணன் எழுந்து எவ்வளவு ஆபத்துக்குத் துணியலாம் என்று படம் போட்டு விளக்குவான். எனக்கு எதிர் நாற்காலிதான் அவனுக்கு. இறக்கை அதைத் தாங்குமா என்று என்னைத்தான் கேட்க வேண்டும், கேட்பான். தாங்கும், தாங்காது என்று எதுவோ அதைச் சொல்வேன், அது என் வேலை. ஆனால் அவன் வாயைத் திறக்கும் முன்பே, அத்தனை பேர் நடுவிலும், தமிழிலேயே அவனிடம் சொல்லப் போகிறேன்: இனிமேல் என்னை அக்கா என்று கூப்பிடாதே.